மசால் சைலேஜில் புரதம் எங்கே போகிறது? டிரம்மில் போட்டுப் பார்த்த கதை

தை, மாசியில் எங்கள் தோட்டத்துக் குதிரைமசால் (லூசர்ன் என்கிற தீவனப் பயிர்) மாடுகளுக்குப் போட்டது போக மிஞ்சும். பனிக்காலத்தில் 25 முதல் 30 நாளுக்கு ஓர் அறுப்பு என்று வந்துகொண்டே இருக்கும். சித்திரை பிறந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். மசால் குட்டையாக நின்று பூத்துவிடும். அப்போது மாட்டுக்குச் சோளத்தட்டும் பிண்ணாக்கும்தான். மிஞ்சுகிற காலத்து மசாலை இல்லாத காலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

காய வைத்து அடுக்கலாம்தான். ஆனால் மசாலில் புரதம் பெரும்பாலும் இலையில் இருக்கிறது. தண்டில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இலையில் உண்டு. மொறுமொறுவென்று காய்ந்த மசாலைக் கட்டித் தூக்கினால் இலை பூராவும் களத்திலேயே உதிர்ந்துவிடும், போரில் ஏறுவது வெறும் குச்சி. அதனால் சைலேஜ் என்று முடிவு செய்தேன்.

மக்காச்சோளச் சைலேஜ் போட்டுப் பழகிய பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் கேட்டேன். “மசாலைப் போயி டிரம்முல அடைச்சீங்கன்னா நாறிப் போயிருமுங்க தம்பி. பச்சையாவே போட்டுருங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மசாலை மட்டும் ஈரத்தோடு அடைத்தால் நாறத்தான் செய்யும்.

சைலேஜ் என்றால் காற்றுப் புகாமல் அடைத்த தீவனத்தில் இருக்கும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுவது. அமிலம் ஏற ஏற பி.எச். என்ற அளவு இறங்கும். அது 4 பக்கம் வந்துவிட்டால் மற்ற கிருமிகள் அடங்கிவிடும், தீவனம் மாதக்கணக்கில் நிற்கும். மக்காச்சோளத்தில் இது தானாக நடக்கும், சர்க்கரை தாராளம். மசாலில் சர்க்கரை உலர் எடையில் 4 முதல் 7 சதவீதம்தான். அதோடு, அதிலிருக்கும் புரதமும் தாதுக்களும் வருகிற அமிலத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் பி.எச்.சை இறக்கத் தேவைப்படும் அமிலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மசாலுக்கு வேண்டும். சர்க்கரையும் குறைவு, அமிலத் தேவையும் அதிகம். அதனால் பி.எச். மெதுவாகத்தான் இறங்கும்.

அந்தத் தாமதத்தில்தான் புரதம் போகிறது. அறுத்த செடி உடனே செத்துவிடுவதில்லை. அதன் நொதிகள் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன, புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி பெப்டைடு, அமினோ அமிலம் என்று ஆக்கிவிடுகின்றன. முதல் இரண்டு மூன்று நாளில்தான் இந்த வெட்டு மிக அதிகம். பி.எச். 4 பக்கம் வந்தால்தான் நொதிகள் ஓயும். அதற்குள் ஈரமும் அதிகமாக இருந்துவிட்டால் கிளாஸ்டிரிடியம் என்ற கிருமிக் கூட்டம் புகுந்து, லாக்டிக் அமிலத்தை பியூட்டிரிக் அமிலமாகவும் அமினோ அமிலங்களை அம்மோனியாவாகவும் மாற்றும். அண்ணன் சொன்ன நாற்றம் அதுதான்.

அறிக்கையில் தெரியாத சேதம்

இதில் ஒரு விஷயம் ரொம்ப நாள் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. சைலேஜை ஆய்வகத்தில் கொடுத்தால் கச்சாப் புரதம் இத்தனை சதவீதம் என்று வரும். பச்சை மசாலுக்கு 20 பக்கம் வந்தால் சைலேஜுக்கும் அதை ஒட்டித்தான் வரும். அப்படியானால் எதுவும் கெடவில்லை என்றுதானே தோன்றும்? ஆய்வகம் அளப்பது நைட்ரஜனை. அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். நைட்ரஜன் முழுப் புரதத்தில் இருந்தாலும் சரி, அம்மோனியாவில் இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். பச்சை மசாலில் மொத்த நைட்ரஜனில் 10 முதல் 20 சதவீதம்தான் புரதமில்லாத நைட்ரஜன். சைலேஜில் அது பாதியைத் தாண்டும், மோசமானதில் 80 சதவீதம் வரை போகும். அறிக்கையில் இரண்டும் ஒரே எண்.

மாட்டின் முதல் வயிற்றுக்குள் போனதும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஏற்கெனவே துண்டான நைட்ரஜன் அங்கே போன வேகத்தில் அம்மோனியாவாகும். வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துத் தங்கள் புரதமாக்கிக்கொள்ளும், அந்தப் புரதம் மாட்டுக்கு நல்லதும்கூட. ஆனால் அதற்கு மாவுச்சத்து அதே நேரத்தில் வேண்டும். இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாகி, மூத்திரத்திலும் கொஞ்சம் பாலிலும் போய்விடும். நாம் தண்ணீர் கட்டி வளர்த்த புரதம் கொட்டகைச் சாக்கடையில் கரைகிறது என்று அர்த்தம்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் குளோவர் பற்றித் தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் சிவப்புக் குளோவரைச் சைலேஜுக்கென்றே வளர்க்கிறார்கள். அதுவும் மசால் போலப் பயறுக் குடும்பம்தான், சர்க்கரைப் பஞ்சமும் உண்டு. ஆனால் சைலேஜில் அதன் புரதம் மசாலைவிடத் தெளிவாகக் குறைவாகவே உடைகிறது. 1990களில் விஸ்கான்சினில் உள்ள அமெரிக்கப் பால்பண்ணைத் தீவன ஆராய்ச்சி மையத்தில் இதற்குக் காரணம் தேடினார்கள். இலை நசுங்கியதும் வேலை செய்யும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்புக் குளோவரில் நிறைய. கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அதைச் செய்வதும் இதே வகை நொதிதான். குளோவரில் அதனால் உண்டாகும் பொருள்கள் புரதத்தோடும் புரதம் வெட்டும் நொதிகளோடும் ஒட்டிக்கொண்டு வெட்டு வேலையைத் தடுத்துவிடுகின்றன. சிவப்புக் குளோவர் சைலேஜ் கரும்பழுப்பாக இருப்பதும் அதனால்தான்.

சிவப்புக் குளோவர் நம் வெயிலுக்கு ஆகாது. ஊட்டிப் பக்கம் புல்வெளிகளில் வெள்ளைக் குளோவர் உண்டு, அதைக் கீழே கொண்டுவர முடியாது. பஞ்சாப், ஹரியானாவில் பெர்சீம் என்ற எகிப்துக் குளோவரைக் குளிர்காலம் முழுக்க அறுக்கிறார்கள். அது ஒரே தண்ணீர், வாட்டாமல் சைலேஜ் போட முடியாது. எங்களுக்குக் கிடைக்கிற வழி வேலிமசால். அதன் இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. டானினும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் வயிற்றில் விடாது, நான்காவது வயிற்றின் கடும் அமிலத்தில் பெருமளவு விட்டுவிடும். அங்கிருந்து அது சிறுகுடலுக்கு நேராகப் போகும். சவுண்டல் (சூபாபுல்) இலையில் இருக்கும் மைமோசின் என்ற நச்சுப் பொருளின் தொல்லை வேலிமசாலில் இல்லை. வரப்போரம் சும்மா நின்ற செடிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும், அதையும் சேர்த்துச் சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

அறுப்பும் வாட்டலும்

நான்கு விதமாகப் போட்டேன். வாட்டிய குதிரைமசால் மட்டும். குதிரைமசாலோடு சர்க்கரை. குதிரைமசாலும் மக்காச்சோளமும். வேலிமசாலும் மக்காச்சோளமும். முதலாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

குதிரைமசாலைப் பத்தில் ஒரு பங்கு பூ எடுத்தபோது அறுத்தோம். அதற்கு மேல் விட்டால் எடை கூடும், தண்டு முற்றும், புரதம் சரியும். பனி ஈரம் போன பிறகு அறுத்து, மண்ணில் போடாமல் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பினோம். மண் ஒட்டினால் கிளாஸ்டிரிடியத்தை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி, அது மண்ணில்தான் குடியிருக்கிறது. மதியம் ஒருமுறை புரட்டினோம். மாசி வெயிலில் சாயங்காலத்துக்குள் பதம் வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையை நினைத்தே பார்க்க முடியாது.

பதம் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாம் இதில்தான் இருக்கிறது. நறுக்கிய தீவனத்தைக் கைப்பிடி அள்ளி, அரை நிமிடம் இறுக்கிப் பிழிந்து, கையை விரிக்க வேண்டும். விரலிடுக்கில் சாறு வந்தால் உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) 25 சதவீதத்துக்குக் கீழ், இன்னும் வாட வேண்டும். சாறு இல்லாமல் உருண்டை அப்படியே நின்றால் 25 முதல் 30. உருண்டை மெல்ல அவிழ்ந்து உள்ளங்கையில் ஈரப்பசை மட்டும் தெரிந்தால் 30 முதல் 40, குதிரைமசாலுக்கு அந்தப் பதம்தான் வேண்டும். விரித்த உடனே பொலபொலவென்று கொட்டினால் காய்ந்துவிட்டது, மிதித்தாலும் அடங்காது, உள்ளே காற்று நிற்கும்.

கையை மட்டும் நம்பாமல் 100 கிராம் எடுத்து மைக்ரோவேவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, எடை குறையாமல் நிற்கும்வரை பார்த்தேன். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் தீவனம் கருகும். வீட்டில் அந்த வாசனைக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை எழுதாமல் விடுகிறேன்.

வேலிமசாலை இவ்வளவு வாட்டக் கூடாது. அதன் பொடி இலை தொட்டாற்சுருங்கிபோல மடங்கி, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் உதிரத் தயாராகிவிடும். கட்டை ஏறாத இளங்கொம்பாக அறுத்து, நிழலில் கொஞ்ச நேரம் போட்டு, நேராக மெஷினுக்குக் கொண்டுபோனோம். கூட மக்காச்சோளம் போவதால் ஈரம் ஒரு பொருட்டில்லை.

மக்காச்சோளம் ஆப்பிரிக்கன் டால் என்ற தீவன ரகம், கதிரில் பால் பிடித்து மாவாகத் திரும்பும் பருவம். உலர் எடையில் இரண்டு பங்கு மக்காச்சோளத்துக்கு ஒரு பங்கு மசால். மக்காச்சோளம் 8 சதவீதப் புரதம், மசால் 20 என்று வைத்தால் கலவை 12 பக்கம் வரும். மசாலை இன்னும் ஏற்றினால் காகிதத்தில் புரதம் கூடும். ஆனால் பி.எச். இறங்கத் தாமதமாகி அந்தக் கூடுதல் புரதமே உடையும்.

சர்க்கரை போட்ட டிரம்முக்கு மொலாசஸ் தேடினேன். சில்லறையில் கிடைக்கவில்லை. கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைகளில் கழித்துப் போடும் மட்டச் சர்க்கரை வாங்கி, வெந்நீரில் கரைத்து, பச்சை எடையில் 2 சதவீதம் வருமாறு பூவாளியால் தெளித்தேன். மொலாசஸ் என்றால் 3 முதல் 4 சதவீதம் வேண்டும், அதில் சர்க்கரை பாதிதான். கடையில் நுண்ணுயிர்ப் பொடி பாக்கெட்டும் விற்கிறார்கள். பொடி போட்டால் நல்ல கிருமி கூடும், வாஸ்தவம். ஆனால் அதற்குத் தின்னச் சர்க்கரை இல்லாதபோது அது மட்டும் என்ன செய்யும்? மசாலுக்குச் செலவழிப்பதானால் முதல் ரூபாய் சர்க்கரைக்குத்தான்.

டிரம்மில் அடைப்பது

200 லிட்டர் நீல டிரம், இரும்பு வளையம் போட்டு இறுக்கும் மூடி உள்ளது. பை மலிவு, ஆனால் எங்கள் கொட்டகை எலிகளுக்குப் பிளாஸ்டிக் பை பலகாரம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, ஒரு சாண் உயரம் போட்டு மிதித்து, மறுபடி போட்டு மிதித்து நிரப்பினோம். நடுவில் கால் மிதிக்கும், ஓரத்தில் மிதிபடாது, பூஞ்சணம் எப்போதும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். அதனால் ஓரத்தைச் சுற்றி உலக்கையால் குத்தினோம். நன்றாக அடங்கினால் ஒரு டிரம்மில் நூறு கிலோவுக்கு மேல் பிடிக்கும். தலைக்கு மேல் கூம்பாக ஏற்றி, பாலித்தீன் விரித்து, மூடியை இருவர் அமுக்கி வளையத்தை மாட்ட வேண்டும். தொடங்கிய டிரம் அன்றைக்கே மூடப்பட வேண்டும். மீதியை நாளைக்கு என்று வைத்தால் இரவெல்லாம் மூச்சு விட்டுச் சூடேறும், சர்க்கரையும் எரியும், புரதமும் வெட்டுப்படும்.

திறந்து பார்த்தது

ஒன்றரை மாதம் கழித்துத் திறந்தோம். மக்காச்சோளம் கலந்த இரண்டிலும் புளித்த பழ வாசனை, பி.எச். காட்டும் தாளில் 4 பக்கம். வேலிமசால் கலந்தது நிறத்தில் கொஞ்சம் கறுப்பு. சர்க்கரை தெளித்தது நாலரை. மசால் மட்டும் அடைத்தது 5 பக்கம் நின்றது. மேற்பகுதி பரவாயில்லை. அடிப்பகுதியில் ஈரம் தேங்கிய இடம் வழவழவென்று இருந்தது. அந்த வாடை சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, கச்சாப் புரதம் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு வேண்டியது அம்மோனியா. மொத்த நைட்ரஜனில் அம்மோனியா நைட்ரஜன் 10 சதவீதத்துக்குள் இருந்தால் சைலேஜ் நல்லது, 15ஐத் தாண்டினால் கெட்டது என்பது பொதுவான கணக்கு. அதை வீட்டில் சதவீதமாக அளக்க முடியாது. எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிட முடியும். மஞ்சளும் சுண்ணாம்பும் போதும்.

வெள்ளை வடிதாளை மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காய வைத்துக் கீற்றாக வெட்டிக்கொண்டேன். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் 50 கிராம் சைலேஜ், 200 மில்லி தண்ணீர், நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் விட்டு வடித்தேன். வடித்த சாற்றில் 100 மில்லியை ஒரே அளவுள்ள ஊறுகாய்ப் பாட்டில்களில் ஊற்றி, குவித்த கரண்டி சுண்ணாம்பு போட்டு, ஈரப்படுத்திய மஞ்சள் கீற்றை மூடியில் தொங்கவிட்டு மூடினேன். சுண்ணாம்பு ஏறினால் சாற்றில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகக் கிளம்பும், மஞ்சள் தாளில் பட்டதும் அது ஆரத்தித் தண்ணீர்போலச் சிவக்கும். சுண்ணாம்பு தாளில் தெறிக்கக் கூடாது, தெறித்தால் அதுவே சிவப்பாக்கிவிடும். வெறும் தண்ணீரும் சுண்ணாம்பும் போட்ட பாட்டில் ஒன்று பக்கத்தில் இருந்தது, அதில் தாள் மஞ்சளாகவே நின்றது.

மசால் மட்டும் அடைத்த டிரம்மின் தாள் மூடியைத் திருகி முடிப்பதற்குள் ஓரம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை போட்டது அடுத்து. மக்காச்சோளம் கலந்தவை நிதானமாக மாறின, வேலிமசால் கலந்தது எல்லாவற்றிலும் கடைசி. மக்காச்சோளம் கலந்தவற்றில் மொத்த நைட்ரஜனே குறைவு என்பதால் அவற்றை முதல் இரண்டோடு நேராக ஒப்பிடுவது முழு நியாயமில்லை. ஆனால் மசாலுக்கும் மசாலும் சர்க்கரையும் போட்டதற்கும் உள்ள வித்தியாசம், குதிரைமசால் கலவைக்கும் வேலிமசால் கலவைக்கும் உள்ள வித்தியாசம், இந்த இரண்டும் நியாயமான ஒப்பீடு.

மாட்டுக்குப் போட்டது

பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கறவையில் இருக்கும் ஜெர்சி கலப்பு மாட்டுக்குத் தினம் 12 முதல் 15 கிலோ கலவைச் சைலேஜ் கொடுத்தோம். கூடவே சோளத்தட்டு. உடைந்த நைட்ரஜனுக்குத் துணையாக மாவுச்சத்து வேண்டும் என்பதால், அதே வேளையில் மக்காச்சோளக் குருணையும் காய்ந்த மரவள்ளித் திப்பியும் வைத்தோம். திப்பியில் புரதம் மிகக் குறைவு, மாவு நிறைய, எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். அளவு மீறினால் வயிறு புளிக்கும், அதனால் இரண்டு வேளையாகப் பிரித்தோம்.

பிண்ணாக்கிலும் ஒரு மாற்றம். கடலைப் பிண்ணாக்கின் புரதம் முதல் வயிற்றில் சீக்கிரம் கரைவது. சைலேஜிலும் கரைகிற நைட்ரஜன், பிண்ணாக்கிலும் அதுவே என்றால் ஒரே கடையில் இரண்டு முறை காசு கொடுப்பதுதான். கடலைப் பிண்ணாக்கைக் குறைத்து, மெதுவாகக் கரையும் தேங்காய்ப் பிண்ணாக்கை அந்த இடத்தில் வைத்தோம். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) தான் பார்ப்பார்கள், பாலில் யூரியா எவ்வளவு என்பது பட்டுவாடாக் கணக்கில் வராது. அதனால் நான் பார்த்தது விடிகாலையில் கொட்டகை வாடையையும் சாணத்தின் பதத்தையும். திப்பி இல்லாமல் சர்க்கரை டிரம் மசாலை மட்டும் வைத்த நாட்களில் மூத்திரக் கால்வாய்ப் பக்கம் கண் எரிந்தது, சாணம் தண்ணியாக விழுந்தது. மாவு சேர்ந்ததும் இரண்டும் அடங்கின. பால் அளவு சித்திரையில் வழக்கமாக விழுகிற அளவுக்கு விழவில்லை. அது சைலேஜாலா, பிண்ணாக்கு மாற்றத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

திறந்த டிரம்மை இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். காற்றுப் பட்டதும் ஈஸ்ட் கிளம்பிச் சூடேற்றும், நம் ஊர் வெயிலில் ரொம்ப வேகமாக. அடைத்த நேரத்தில் காற்று நின்று சூடேறியிருந்தால் இன்னொரு சேதம் உண்டு. சைலேஜ் புகையிலை நிறத்தில், வெல்லப்பாகு வாசனையோடு வரும். மாடு ஆசையாகத் தின்னும், நாமும் நல்லது என்று ஏமாந்துவிடுவோம். அதில் புரதம் சர்க்கரையோடு பிணைந்து செரிக்காமல் சாணத்தில் போய்விடும். கச்சாப் புரத எண் அப்போதும் மாறாது. வேலிமசால் கலவையின் கறுப்பை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மூக்கு வித்தியாசம் சொல்லிவிடும்.

மசால் மட்டும் அடைத்த டிரம்மின் அடிப்பகுதி எருக்குழிக்குப் போனது. மேற்பகுதியைக் கிடாரிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தீர்த்தோம். பியூட்டிரிக் வாடை அடிக்கும் சைலேஜைக் கன்று ஈன்ற மாட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ரத்தத்தில் கீட்டோன் ஏறும் கீட்டோசிஸ் என்ற நோய் வரும். குதிரைமசாலோடு மட்டும் நிற்காமல் வடக்கு வரப்பு முழுக்க வேலிமசால் விதைக்க இப்போது விதை வாங்கியிருக்கிறோம். அதன் தோல் கெட்டி. கொதித்து இறக்கி 80 டிகிரிக்கு ஆறிய வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.